நஞ்சும் மருந்தும் பூட்டிய அலுமாரியும்: யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கட்டுப்பாட்டுக்குரிய ஔடதங்கள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

அரசாங்க மருத்துவமனை ஒன்றின் விடுதிக்குட் செல்வோர், தாதியர் மேசைக்கு அண்மையில், சுவரோடு பொருத்தப்பட்ட சிறிய அலுமாரி ஒன்றைக் காண்பர். அதன் கதவைத் திறந்தால் உள்ளே இன்னொரு கதவு, அதற்குத் தனிப்பூட்டு. மோர்பின், பெதிடின் முதலிய மருந்துகள் அதனுள்ளேதான் இருக்கின்றன. அருகில் ஒரு பேரேடு. நோயாளியின் பெயர், கொடுத்த அளவு, கொடுத்த நேரம், கொடுத்தவர் கையொப்பம், சாட்சியின் கையொப்பம், எஞ்சிய இருப்பு என நிரைகள் வகுக்கப்பட்டிருக்கும். கடமை மாறும்பொழுது ஒருவர் எண்ணிக் கொடுக்க மற்றவர் எண்ணிப் பொறுப்பேற்பார். ஒரு குப்பி உடைந்துபோனாலும் அதற்கு எழுத்திற் கணக்குக் காட்டவேண்டும். இதனை எமது மருத்துவமனைகளில் 'டி.டி.ஏ. அலுமாரி' என்பர். இவ்வெழுத்துகள் பிரித்தானியாவின் பழைய அபாயகர ஔடதச் சட்டத்தின் பெயர்ச்சுருக்கமாகும். அந்நாடு அச்சட்டத்தைக் கைவிட்டு 1971இல் வேறு சட்டம் இயற்றிக்கொண்டது. பெயர் மட்டும் எமது விடுதிகளிலே தங்கிவிட்டது.

இவ்வலுமாரியின் திறப்பு யார் கையில் இருந்தது, யாருக்காகத் திறக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்னும் வினாக்களை யாழ்ப்பாணக் குடாநாட்டை மையமாகக் கொண்டு நோக்குவதே எமது முயற்சி. சட்டங்களின் வரலாற்றை எழுதுவது எளிது. அவை அச்சிற் கிடைக்கின்றன. சட்டம் மருந்துக்கடை மேசையிலும் பரியாரியார் வீட்டுத் திண்ணையிலும் எவ்வாறு நடந்துகொண்டது என்பதை எழுதுவதே கடினம். 1981ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி விடிவதற்குள் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரியுண்டன. ஓலைச்சுவடிகளும் அவற்றோடு அழிந்தன. அதன் பின்னர் வந்த இடப்பெயர்வுகளில் வீடுகளிலும் கடைகளிலும் இருந்த பேரேடுகள் என்னவாயின என்று தனித்துச் சொல்லவேண்டியதில்லை.

சுதேச வைத்திய மரபிலிருந்தே தொடங்கவேண்டும். கட்டுப்பாடு என்பது ஆங்கிலேயர் கொணர்ந்த பொருளன்று. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களைப் பேணிய மரபிலே நஞ்சினைக் கையாளும் முறை நன்கு வகுக்கப்பட்டிருந்தது. எட்டி, சேராங்கொட்டை, நாவி, பாஷாண வகைகள் என்பன 'சுத்தி' செய்யப்பட்ட பின்னரே மருந்துக்குரியனவாயின. அளவு குன்றிமணியிலும் பணவெடையிலும் நிறுக்கப்பட்டது. அபின் இம்மரபுக்குப் பிந்தி வந்த பொருள். அதன் பெயரே அரபு மொழிவழி வந்தது. வந்தபின், கழிச்சலை நிறுத்தவும் நோவைத் தணிக்கவும் உறக்கம் தரவும் அது பயன்பட்டது. கஞ்சா, மதனகாமேசுர லேகியம் போன்றவற்றிற் சேர்ந்தது.

இம்மரபின் காவல் எழுத்திலன்று, இரகசியத்தில் இருந்தது. சுத்திமுறையைத் தந்தை மகனுக்கோ குரு மாணாக்கனுக்கோ மட்டும் சொல்லிவைத்தார். சரக்குக்கடைக்காரர் நச்சுச் சரக்கை முகமறியாதவருக்கு நிறுத்துக் கொடுக்கத் தயங்கினார். ஊரிலே எல்லோரும் எல்லோரையும் அறிந்திருந்த சமுதாயத்தில் இது ஓரளவு பயன் தந்தது என்பதை ஏற்கவேண்டும். ஆயினும் இதனை இலட்சிய நிலையாகக் கொண்டாடுவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. அறிவு குடும்பச் சொத்தாக இருந்தமையால், ஏடு செல்லரித்தபோது மருந்தும் அதனோடு அழிந்தது. அன்றியும் 'பரியாரி' என்னும் சொல்லின் வரலாறே எமது சாதியமைப்பின் வரலாற்றைச் சொல்லும். ஒரே சொல், உயர்சாதி வீட்டு வைத்தியரைக் குறித்தபோது 'ஆர்' விகுதி பெற்று மதிப்புக்குரியதாயிற்று. சவரத் தொழிலோடு இரண வைத்தியமும் செய்த சமூகத்தவரைக் குறித்தபோது இழிவழைப்பாகப் பயன்பட்டது. இரகசியத்துக்கும் ஒரு வர்க்க முகம் உண்டு.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வமைப்புக்குள் மேனாட்டு மருந்து புகுந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயைத் தளமாகக் கொண்டு 60 பேருக்கு மேற்பட்ட சுதேசிகளை வைத்தியராகப் பயிற்றினார் என்பது பலரும் அறிந்ததே. 1850இல் அரசாங்க அதிபர் டைக்கின் முன்முயற்சியால் நகரிலே நட்புறவுச் சங்க மருத்துவமனை தோன்றியது. கிறீனைப் பற்றி எழுதுவோர் அவரது தமிழ்ப் பற்றினையே பெரிதும் வியப்பர். நாம் வேறொன்றைக் கவனிக்க விரும்புகின்றோம். ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க உத்தியோகம் தேடிக் குடாநாட்டை விட்டகல்வதைக் கண்டே அவர் தமிழ்வழிப் போதனையை வற்புறுத்தினார். அதன் விளைவாக அங்காதிபாதம், இரணவைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் தமிழிலே வெளிவந்தன. இந்திய மருந்துச் சரக்கு நூலும் தமிழாக்கப்பட்டது. மருந்தின் பெயர், குணம், அளவு, நஞ்சாகும் எல்லை, நஞ்சுண்டார்க்குச் செய்யவேண்டிய பரிகாரம் என்பன முதன்முறையாகத் தமிழில் அச்சேறின. இரகசியமாக இருந்த அளவு, படிக்கத் தெரிந்தவர் எவரும் பார்க்கக்கூடிய அளவாயிற்று. மருந்துக் கட்டுப்பாட்டின் வரலாற்றில் இது சிறிய விடயமன்று.

ஆயின் இது நீடிக்கவில்லை. 1870இற் கொழும்பில் மருத்துவக் கல்லூரி ஆங்கில வழியில் தொடங்கியது. 1873இற் கிறீன் தாயகம் திரும்பினார். தமிழ்வழி மருத்துவக் கல்வியும் பின்னர் ஒடுங்கிற்று. அதன்பின் வைத்தியர் எழுதும் துண்டு இலத்தீன் குறியீடுகளோடு ஆங்கிலத்தில் வந்தது. மருந்து கலந்தவர் அப்போதிக்கரியோ கலவையாளரோ ஆவார்; போத்தலில் அளவுக் கோடு வெட்டிய கடதாசியை ஒட்டிக் கொடுத்தார். எமது சிறுபராயத்திற்கூட முதியோர் அப்போத்தலை 'ஆஸ்பத்திரித் தண்ணி' என்று கூறக் கேட்டிருக்கின்றோம். உள்ளே யாதிருந்தது என்பதை அருந்தியவர் அறியார். அதே காலத்தில், அபின்சாரமும் கஞ்சாச் சாரமும் குளோரபோமும் சேர்ந்த 'குளோரடைன்' என்னும் ஆங்கிலக் கூட்டுமருந்து பிரித்தானியக் குடியேற்ற நாடுகளெங்கும் வயிற்றோட்டத்துக்கும் இருமலுக்கும் தாராளமாக விற்கப்பட்டது. அபின் பரியாரியாரின் குளிகையில் இருந்தால் மூடப்பழக்கம். முத்திரையிட்ட கண்ணாடிப் போத்தலில் இருந்தால் விஞ்ஞானம்.

இலங்கையில் அபின் விளைவதில்லை. இந்தியாவிலிருந்து அது இறக்குமதியாயிற்று. உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்டது. அரசாங்கம் அதனால் வருவாய் பெற்றது. வங்காளத்து அபினைச் சீனத்துக்கு விற்று வளர்ந்த பேரரசுக்கு இது புதிய தொழிலன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுவிலக்கு இயக்கத்தாரும் பௌத்த மறுமலர்ச்சியாளரும் மிசனரிமாரும் இதனை எதிர்த்தனர். 1907இல் அமைக்கப்பட்ட குழுவின் விசாரணையை அடுத்து 1910ஆம் ஆண்டின் அபின் கட்டளைச்சட்டம் வந்தது. கடைகள் மூடப்பட்டன, இறக்குமதியும் விநியோகமும் அரசாங்கத்தின் கைக்கு மாறின, பழக்கப்பட்ட நுகர்வோரும் சுதேச வைத்தியரும் பதிவு செய்யப்பட்டனர். 1909இற் சாங்காயிலும் 1912இல் ஹேக்கிலும் நடந்த சருவதேச மகாநாடுகளின் காற்று இதிலே வீசுகின்றது. 1925ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைக்குப் பின்னர் இவ்வேற்பாடுகள் விரிவுபடுத்தப்பட்டு, 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டமாக உருப்பெற்றன. பலமுறை திருத்தப்பட்டபோதிலும் அடிப்படையில் இன்றும் நாட்டை ஆள்வது இச்சட்டமே.

இச்சட்டத்தின் மொழி ஆராயத்தக்கது. சுதேச வைத்தியரைக் குறிக்க அது 'வெதராள' என்னும் சிங்களச் சொல்லை ஆங்கில வாசகத்தினுள்ளே அப்படியே வைத்தது. யாழ்ப்பாணத்துப் பரியாரியார் அபின் பெறவேண்டின் சட்டத்தின் கண்ணில் ஒரு 'வெதராள' ஆகவேண்டும். இதனை இனப்பாகுபாடாகக் காண்பது அவசரமாகும். கொழும்பிலிருந்து பார்த்த அதிகாரிக்குச் சித்தமும் ஆயுள்வேதமும் யூனானியும் ஒரே மங்கலான பொருளாகத் தோன்றின என்பதே பொருத்தம். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டமும் இம்மூன்றையும் 'ஆயுள்வேதம்' என்ற ஒரு பெயரிலேயே அடக்கியது. மருந்து தயாரிப்பதற்காக அபினும் கஞ்சாவும் பெறும் வழியைப் பதிவுபெற்ற வைத்தியருக்கு அது விட்டுவைத்தது. ஆயின் பதிவு, விண்ணப்பம், கொழும்புத் திணைக்களம், பங்கீடு என்ற படிகளை ஏறும் வலிமை எல்லோர்க்கும் இருக்கவில்லை. பரம்பரை வைத்தியர் பலர் அச்சரக்கைச் சேர்க்கும் முறைகளைக் கைவிட்டு மாற்றுச் சரக்குக்குச் சென்றனர்; ஏட்டில் உள்ள பாடம் ஒன்று, வழக்கில் உள்ள மருந்து மற்றொன்று என்றாயிற்று. 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்தமருத்துவக் கற்கை தொடங்கியபோது எதிர்கொள்ளப்பட்ட மரபு இவ்வாறு சட்டத்தால் ஒருமுறை வடிகட்டப்பட்ட மரபே.

மருந்துக்கடைப் பக்கத்தில் நிகழ்ந்தது வேறு. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச்சட்டத்தின் கீழ் மருந்தாளர் பதிவு அமைந்தது. பழகுநராகக் கடையிலே தொழில் பயின்று பரீட்சை எழுதிச் சான்றிதழ் பெறுவது நெடுங்கால வழக்கு. குடாநாட்டுக் கல்லூரிகளில் ஆங்கிலம் பயின்று, மருத்துவக் கல்லூரிக்குரிய புள்ளி கிடைக்காத கீழ் மத்தியதர வர்க்க இளைஞர் பலருக்கு இது ஒரு படிக்கட்டாயிற்று. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியிலே வரிசையாக நிற்கும் 'பாமசி'கள் இப்பின்னணியில் வளர்ந்தவை. கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிய சான்றிதழ் கடையின் மூலதனங்களில் ஒன்று. சான்றிதழ் சுவரில் இருக்க, அதற்குரியவர் வேறிடத்தில் இருக்கும் வழக்கமும் நாடெங்கும் உண்டு என்பதைத் தொழிலறிந்தோர் மறுக்கமாட்டார். சட்டம் ஓர் ஆளைக் காவலாக நிறுத்தியது. வணிகம் அவ்வாளின் கடதாசியை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டது.

இவ்விடத்தில் சேனக பிபிலேயை நினைவுகூராமல் அப்பாற்செல்ல இயலாது. அவரும் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையின் வழிவந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், ஏறத்தாழ 2,100 ஆக இருந்த மருந்துகளைச் சுமார் 600 ஆகக் குறைத்தது; வணிகப் பெயரை விடுத்து மூலப்பெயரால் மருந்தெழுதுவதை வற்புறுத்தியது; பன்னாட்டுக் கம்பனிகளின் கொள்ளை விலையை அம்பலப்படுத்தியது. அபின் சட்டத்துக்கும் இதற்கும் தொடர்பென்ன என்று கேட்கலாம். 1929ஆம் ஆண்டுச் சட்டம் மருந்தினைக் குற்றத்தின் கண்கொண்டு பார்த்தது. பிபிலேயின் கொள்கையோ மருந்தினைத் தேவையின் கண்கொண்டு பார்த்தது: மக்களுக்கு எது வேண்டும், எவ்வளவு வேண்டும், எவ்விலைக்கு வேண்டும்? கட்டுப்பாடு என்னும் ஒரே சொல்லுக்கு இருவேறு அரசியல்கள் உண்டு என்பது இந்நாட்டில் இவ்வளவு தெளிவாக வேறெப்பொழுதும் வெளிப்பட்டதில்லை. 1977 யூலையில் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் அவர் கயானாவில் இறந்தார். 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க அழகுசாதனப் பொருட்கள், கருவிகள், ஔடதங்கள் சட்டம் பதிவையும் அட்டவணை முறையையும் தந்தது. பலசரக்குக் கடையில் விற்கத்தக்கவை, மருந்தாளர் முன்னிலையில் விற்கத்தக்கவை, மருத்துவரின் துண்டுக்கு மட்டும் உரியவை, மூன்றாம் அட்டவணையைச் சேர்ந்த போதை, உளமாற்ற ஔடதங்கள் எனப் பாகுபாடு அமைந்தது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவான தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இப்பணியைப் பொறுப்பேற்றது.

1984ஐத் தனியே குறிப்பிடவேண்டும். அவ்வாண்டில் 13ஆம் இலக்கச் சட்டம் 1929ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, 2 கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனையோ ஆயுட்சிறையோ விதிக்கலாம் என்றாக்கிற்று. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் அதே ஆண்டிற் பிறந்தது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைமருந்துச் சட்டத்துக்குப் பின்னர் வலிநிவாரணத்துக்கான மோர்பின் பயன்பாடு பெரிதும் வீழ்ந்தது. மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் தண்டனைக்கு அஞ்சி அதனை வைத்திருப்பதையே கைவிட்டன. கேரளத்து நோய்தணிப்பு மருத்துவ இயக்கத்தார் நெடுநாள் வாதாடிய பின்னரே 2014இல் அது திருத்தப்பட்டது. அச்சம் கடத்தற்காரனை எவ்வளவு தொட்டது என்பது ஆய்வுக்குரியது. மருந்தாளரைத் தொட்டது என்பதில் ஐயமில்லை.

போர்க்காலத்துக்கு வருவோம். 1990 யூனில் மீண்டும் போர் மூண்டதிலிருந்து 1995ஆம் ஆண்டின் இறுதிவரை குடாநாட்டின் பெரும்பகுதி தமிழீழ விடுதலைப் புலிகளின் ஆட்சியில் இருந்தது. மின்சாரம் இல்லை, எரிபொருள், மின்கலம், சீமெந்து முதலிய பல பொருள்கள் தடைப்பட்டியலில் இருந்தன. ஆயினும் யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனை கொழும்புச் சுகாதார அமைச்சின் நிறுவனமாகவே தொடர்ந்தியங்கிற்று. சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. மருந்துக்கான கோரிக்கைப் பத்திரம் கொழும்புக்குச் சென்றது. செஞ்சிலுவைச் சருவதேசக் குழுவின் கொடியேந்திய கப்பல் கொண்டுவந்ததை மருத்துவமனைக் களஞ்சியம் பதிவேட்டில் ஏற்றுக்கொண்டது. வெளியே புலிகளின் காவற்றுறை. பின்னர் அவர்களது நீதிமன்றுகள். உள்ளே, 1929ஆம் ஆண்டுச் சட்டத்துக்குரிய இரட்டைப் பூட்டும் பேரேடும். ஓர் அரசின் காவலர் கால்வைக்க முடியாத நிலத்தில் அவ்வரசின் மருந்துப் பேரேட்டை எழுதி வந்தவர்கள் மருந்தாளரும் தாதியருமே. எந்த வரலாற்று நூலும் அவர்களுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியதை நாம் காணவில்லை.

இக்காலத்திற் கட்டுப்பாடு என்ற சொல்லின் பொருளே மாறியது. போர்ப் பகுதிக்குச் செல்லும் மருந்துகளுக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டியிருந்தது. அபின் சட்டம் அஞ்சியது அடிமைப் பழக்கத்தை. பாதுகாப்பு அமைச்சு அஞ்சியதோ அம்மருந்து காயமுற்ற போராளியின் உடலுக்குச் சென்றுவிடும் என்பதை. மயக்கமருந்தும் நோவாற்றியும் இரத்தம் கட்டும் துணியும் இராணுவப் பொருள்களின் தன்மையைப் பெற்றன. காயம்பட்ட உடல் பொதுமகனதா போராளியினதா என்று பிரித்தறியும் ஆற்றல் மோர்பினுக்கு இல்லை. மருத்துவ அறமும் அப்பிரிவினையை ஏற்பதில்லை. கப்பல் தாமதித்த நாள்களில் எவருக்குக் கொடுப்பது, எவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது என்ற தீர்ப்பு கொழும்பிலிருந்து இறங்கிச் சத்திரசிகிச்சை மேசையருகே நின்றவர் தலையில் வந்து விழுந்தது. 2006 ஓகத்தில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது, வேறோர் ஆட்சியின் கீழ், இத்தட்டுப்பாட்டைக் குடாநாடு மீண்டுங் கண்டது.

2009க்குப் பின் வீதிகள் திறந்தன, சரக்குகள் வந்தன. இப்பொழுது பத்திரிகைகளில் இடம்பெறுவது 'போதை மாத்திரை' என்னும் தொடர். பாக்கு நீரிணையைத் தாண்டிப் படகுகளில் வரும் கேரள கஞ்சா, 'ஐஸ்' எனப்படும் மெதம்பெற்றமைன், இவற்றோடு நரம்பு நோவுக்கென உருவான பிரெகபலின் மாத்திரையும் இளைஞர் கைகளிற் காணப்படுகின்றது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் 5 கிராம் மெதம்பெற்றமைனுக்கு மேற்பட்டதற்கு மரணமோ ஆயுட்சிறையோ விதித்தது. பிரெகபலின் விடயத்தில் பழி எளிதில் 'பாமசி'க்காரர்மேல் விழுகின்றது. துண்டின்றி விற்கும் கடைகள் இல்லையென்று நாம் வாதிடவில்லை. ஆனால் மருந்தாளரைச் சம்பளத்துக்கு வைத்திருக்க விரும்பாத முதலாளியும், போதிய பரிசோதகரை நியமிக்காத அரசும், போருக்குப் பின் வேலையின்றி விடப்பட்ட தலைமுறையும் கணக்கில் வராமல், மேசைக்குப் பின்னால் நிற்கும் பையன் மட்டும் குற்றவாளியாவது விந்தையே. அதே 2022இல் அந்நியச் செலாவணி வற்றி, மருத்துவமனைகளில் அத்தியாவசிய மருந்துகளே அருகின. நாடு ஒரே ஆண்டில் மருந்தின் மிகையாலும் மருந்தின் இன்மையாலும் துன்புற்றது.

1961ஆம் ஆண்டின் போதைப்பொருள் பற்றிய தனிச் சருவதேச உடன்படிக்கை, இவ்வௌடதங்கள் நோவைத் தணிப்பதற்கு இன்றியமையாதன என்பதைத் தன் முகவுரையிலேயே ஏற்கின்றது. ஒவ்வொரு நாடும் தனது ஆண்டுத் தேவையை மதிப்பிட்டு அறிவிக்கவேண்டும். உலகிலே ஓராண்டில் விநியோகமான, மோர்பினுக்குச் சமமான ஏறக்குறைய 298.5 தொன் நோவாற்றிகளில் 0.1 தொன் மாத்திரமே மிக வறிய நாடுகளைச் சென்றடைந்தது என்று 2017இல் லான்செற் ஆணைக்குழு காட்டியது. அபினை ஆசியாவில் விற்றுச் செல்வம் சேர்த்த நாடுகளும் மோர்பின் தாராளமாகக் கிடைக்கும் நாடுகளும் பெரும்பாலும் ஒரே பட்டியலில் இருப்பதை வாசகர் கவனிப்பர்.

குடாநாட்டிலே 2013இற் தெல்லிப்பழையிற் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. 2011இல் தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்து சேர்த்த நிதியால் எழுந்த கட்டடம் அது. முற்றிய நோயாளிக்குரிய மோர்பின் தனியார் பாமசிகளிற் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அரசாங்க மருத்துவமனையே அதற்கு வழி. நெடுந்தீவிலே ஒருவர் அந்நோவோடு படுத்திருப்பாராயின், அவர் வீட்டார் படகிலே குறிகட்டுவான் வந்து, புங்குடுதீவும் வேலணையும் கடந்து பேருந்திலே நகர் சேர்ந்து, அங்கிருந்து காங்கேசன்துறை வீதிவழியே தெல்லிப்பழைக்குச் செல்லவேண்டும். கடல் கொந்தளிக்கும் நாள்களிற் படகு ஓடாது. அன்று அலுமாரியின் இரு பூட்டுகளும் ஒழுங்காகவே பூட்டியிருக்கும். பேரேட்டின் இருப்பும் சரியாகவே இருக்கும்.